ரேஞ்சர் சொன்ன யோசனை

காட்டுப்பன்றிக்குச் சுருக்கு வைத்தான் என்று செங்கமலத்தின் புருஷனை ஜெயிலுக்கு அனுப்பியவர் ரேஞ்சர் சிதம்பரநாதன். ஓய்வு பெற்றதும் கீரமங்கலத்தில் அவளுடைய பக்கத்துக் கொல்லையையே வாங்கிக் கடலை போட்டார்.

இன்று வரப்பில் நின்று புலம்பினார்.

“பாதிக் கொல்லையப் பன்னி பெரட்டிப் போட்டுருச்சும்மா!”

“வாயில்லாச் சீவன், மனுசன்தான் விட்டுக்கொடுக்கணும்னு அன்னிக்கு நீங்கதானே சார் சொன்னீங்க?”

ரேஞ்சர் முகம் சுண்டிப்போனது.

“ஒன் கொல்லைக்கு மட்டும் எப்படி வரமாட்டேங்குது?”

“எல்லாம் நீங்க சொன்ன யோசனைதான். பலாப்பழ வாசத்துக்குத்தான் பன்னி வருது, அழுகுன பழத்தக் கொல்லையில கொட்டாதேன்னு திட்டுனீங்கள்ல? அதுலேருந்து எங்க கொல்லையில கொட்டுறதே இல்ல.”

“பாத்தியா!” என்று பெருமையோடு கிளம்பினார் அவர்.

பொழுது சாய்ந்ததும் செங்கமலம் அழுகிய பலாப்பழக் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, ரேஞ்சர் கொல்லையின் மிச்சப் பாதியை நோக்கி நடந்தாள்.