மிஸ் வெர்னா படகின் இறால்

"மேலாக எடுக்காதீங்க மேடம். தலை கிள்ளின இறால் தொட்டியில அடி வரைக்கும் கையை விட்டு எடுங்க" என்றான் ஓவிட். சொல்லிவிட்டு வரிசையில் நின்றவர்களைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தினான்.

அவன் மனைவி வெர்னா ஐஸ் அள்ளுவதை நிறுத்தினாள். கடையில் நாலு தொட்டி. மூன்றில் தலையோடு கிடக்கிற இறாலை யார் வேண்டுமானாலும் சோதிக்கட்டும். இந்த மனுஷன் போயும் போயும் அந்தத் தொட்டியைத்தானா காட்ட வேண்டும்?

உணவு ஆய்வாளர் கார்லா கையை முழங்கை வரை ஐஸுக்குள் விட்டு ஆறு இறாலை எடுத்தாள். சதையைக் கிள்ளிக் குப்பிகளில் போட்டு, வண்டிக்குள் இருந்த கருவியில் செருகினாள்.

"ஒரு மணி நேரம் ஆகும். நம்ம கடல்ல பிடிச்சதா, வெளிநாட்டுப் பண்ணையில வளர்ந்ததான்னு இது சொல்லிடும். அதுவரைக்கும் வியாபாரம் வேண்டாம்."

"ஓவிட்! உன் இறாலுக்குப் பாஸ்போர்ட் இருக்கா?" பக்கத்து நண்டுக் கடையிலிருந்து கர்ட்டிஸ் கத்தினான்.

"உன் நண்டைக் கேளு. போலீஸைப் பார்த்த மாதிரி அதுதான் பக்கவாட்டுல நழுவுது!"

எல்லாரும் சிரித்தார்கள். வெர்னாவும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

தலைக்கு மேலே பலகை தொங்கியது. 'மிஸ் வெர்னா படகு. லூசியானா கடல், எங்கள் வலை, எங்கள் இறால்.' படகுக்கு அவன் அவள் பேரை எழுதி இருபத்தாறு வருஷம் ஆகிறது. அந்தப் பேருக்குக் கீழே நின்றுதான் மூன்று வாரமாக அவள் ஊரை ஏமாற்றிக்கொண்டிருந்தாள்.

இந்தப் பருவத்தில் வலை பாதி காலியாகத்தான் ஏறியது. கரை சேர்ந்ததும் ஓவிட் கட்டையாக விழுந்து தூங்கிவிடுவான். தலை கிள்ளுவதும் தொட்டி நிரப்புவதும் அவள் பாடு. தலை இருந்தால் மீசையைப் பார்த்தே ஊர்க்காரர்கள் இனம் சொல்லிவிடுவார்கள். தலை போய்விட்டால் எல்லா இறாலும் ஒன்றுதான். நகரத்துக் கிடங்கிலிருந்து பண்ணை இறாலைப் பெட்டி பெட்டியாக வாங்கிவந்து பாதிக்குப் பாதி கலந்தாள்.

அவனிடம் எப்படிச் சொல்வது? பண்ணை இறாலைக் கடல் இறால் என்று விற்ற ஓர் உணவகத்தின் வாசலில், போன வருஷம் மூன்று நாள் மழையில் கண்டன வாசகம் எழுதிய அட்டையைப் பிடித்து நின்றவன் அவன்.

வரிசையில் முதலில் நின்ற மிஸஸ் புரூசார் தன் பையை மேஜைமேல் வைத்தாள். "எவ்வளவு நேரம் ஆனாலும் இருந்து வாங்கிட்டுத்தான் போவேன், வெர்னா. வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் ஆகியிருக்கு. மருந்து ஊத்தி வளர்த்ததெல்லாம் வேண்டாம்னு பார்த்துப் பார்த்துச் சமைக்கிறேன். உன் கையால வாங்கினாத்தான் எனக்கு நிம்மதி."

போன சனிக்கிழமையும் இவளுக்கு அதே தொட்டியிலிருந்துதான் நாலு பவுண்டு எடை போட்டாள். வெர்னாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஐஸைக் கிளறுவதுபோலக் குனிந்துகொண்டாள். அந்த ஒரு மணி நேரமும் நிமிரவில்லை.

கருவி கீச்சென்றது. திரையைப் பார்க்கும் முன்னால் கார்லா ஒரு தாளை நீட்டினாள்.

"முதல்ல இதுல கையெழுத்து. இந்தப் பருவம் முழுக்க இங்க வித்ததெல்லாம் நம்ம கடல் இறால்தான்னு எழுதியிருக்கு. பொய்யா இருந்தா மீன்பிடி உரிமம் போயிடும் சார். யோசிச்சுப் போடுங்க."

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" ஓவிட் பேனாவை வாங்கினான்.

வெர்னா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். "போடாத."

"ஏய், விடு. வெயில்ல நின்னு உனக்குத் தலை சுத்துது. போய் உட்காரு."

"மேடம், இவருக்கு ஒண்ணும் தெரியாது. கிடங்கு இறாலை வாங்கிக் கலந்தது நான். மூணு வாரமா. இவரோட உரிமத்துல கை வெச்சிடாதீங்க. பொய் சொல்லத் தெரியாத மனுஷன் இவரு."

கர்ட்டிஸ் சட்டென்று நண்டுகளை எண்ண ஆரம்பித்தான். மிஸஸ் புரூசார் தன் காலிப் பையை எடுத்து நாலாக மடித்தாள். திரும்பி நடந்தாள். நாலு வசவு திட்டிவிட்டுப் போயிருக்கலாம் என்றிருந்தது வெர்னாவுக்கு.

கார்லா திரையைப் பார்த்தாள். புருவத்தைச் சுருக்கி இன்னொரு தடவை பார்த்தாள். "மிஸ் வெர்னா, ஆறுமே கடல் இறால். ஒண்ணுகூடப் பண்ணை இல்லை."

"இருக்காது மேடம். என் கையால கலந்தேன்."

"கருவி இதைத்தான் சொல்லுது. ஆனா நீங்க வாயால சொன்னதை நான் எழுதித்தான் ஆகணும். கடையை மூடிட்டுப் பலகையைக் கழட்டிடுங்க. அவர் கையெழுத்துப் போடாததால உரிமம் தப்பிச்சுது."

வண்டி கிளம்பியது. கூட்டம் கலைந்தது. ஓவிட் ஸ்டூல்மேல் ஏறிப் பலகையின் ஆணிகளைப் பிடுங்கினான். அவள் பக்கம் திரும்பாமலே பேசினான்.

"டீசல் போடுற இடத்துல இன்னைக்கு ஆய்வு இருக்குன்னு சொன்னாங்க. நீ வர்றதுக்குள்ள அந்தத் தொட்டியைக் கொட்டிட்டேன். நேத்து வலையில வந்ததைத் தலை கிள்ளி நிரப்பிட்டேன்."

வெர்னா ஸ்டூலருகே வந்து அவனை அண்ணாந்து பார்த்தாள். "கலந்திருக்குன்னு உனக்கு... எப்போ தெரியும்?"

"மொதப் பெட்டி வந்தப்பவே."