தட்டையான அலீன்

வேறு கல்லூரி நண்பர், ஆய்விதழிலிருந்து தனக்கு மதிப்பீட்டுக்கு வந்திருந்த கட்டுரையை வேதியியல் பேராசிரியரிடம் தள்ளிவிட்டார். "இது என் பிரிவு இல்ல. நீங்களே பாத்து எழுதிக் குடுங்களேன்."

எழுதியவர்களின் பெயர்கள் மறைக்கப்பட்டிருந்தன. பேராசிரியர் செத்த எலியின் வாலைப் பிடிப்பதுபோல் இரண்டு விரலால் அதைத் தூக்கினார்.

"இந்தக் கொடுமையப் பாருங்க. அலீன் மூலக்கூறுல ரெண்டு முனை ஹைட்ரஜன் ஜோடியும் ஒண்ணுக்கொண்ணு குறுக்கால நிக்கணும். இவன் ரோடு ரோலர் ஏறின மாதிரி நாலையும் ஒரே தளத்துல படுக்க வச்சிருக்கான்."

"யாராவது மாணவனா இருக்கும். திருத்தச் சொல்லி எழுதிடுங்க."

"மாணவன் முட்டாளாவே இருக்கட்டும். கூடப் பேர் போட்டுக்கிட்ட வழிகாட்டிக்குக் கண்ணு எங்க போச்சு? கார்பன் எப்படிப் பிணையும்னு தெரியாதவனெல்லாம் பேராசிரியர்."

அன்று மாலையே மூன்று பக்கத்துக்கு விளாசித் தள்ளிய பிறகுதான் அவருக்கு மனம் ஆறியது.

அடுத்த மாதம் அவருடைய ஆய்வு மாணவி வாடிய முகத்துடன் அறைக்குள் வந்தாள்.

"சார், நம்ம கட்டுரையத் திருப்பி அனுப்பிட்டாங்க."

"எந்தக் கட்டுரை?"

"அலீன் கட்டுரை சார். கார்ல ஏறும்போது கையெழுத்துப் போட்டுத் தந்தீங்களே, அதுதான்."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"படம் தப்புன்னு எழுதியிருக்காங்க, அது சரிதான். நான் திருத்திடுறேன். கடைசி வரிதான் சார் புரியல. 'இந்த வழிகாட்டி ஒரு பக்கத்தைக்கூடப் படிக்காமல் கையெழுத்திட்டிருக்கிறார்'னு இருக்கு. அது மதிப்பீடு எழுதினவருக்கு எப்படி சார் தெரிஞ்சுது?"