பழைய பதிப்பின் கட்சி

திருடர்கள் என் மனைவி தனுஜாவை டத்தோ கிராமாட் வீட்டில் கழுத்தில் பாராங் கத்தியால் வெட்டிக் கொன்றார்கள். அதன் பிறகு, நாங்கள் மூவரும் சேர்ந்து பார்க்கும் அந்தப் பழைய படத்தைக் குணாளன் கொண்டுவந்ததேயில்லை. அதிலும் நாயகியை அப்படித்தான் வெட்டுவார்கள். குணாளன் பிறை தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்பவன்.

இந்த ஞாயிறு மத்தியானம் அதன் பழைய பதிப்பும் புதிய பதிப்புமாக இரண்டு டிஸ்க்கோடு வந்தான்.

"புதுசுல முடிவ மாத்திட்டாங்கண்ணே. அவ பொழச்சிக்கிறா."

புதியதைப் போட்டோம். வெட்டு விழுந்தது. ரத்தம் சுவரில் அடித்தது. ஆனால் மருத்துவமனையில் நாயகி கழுத்தில் தையலோடு கண் திறந்தாள்.

சமையலறையிலிருந்து தனுஜா தேநீர் கொண்டுவந்தாள். அவள் கழுத்திலும் தையல் காய்ந்திருந்தது.

"சீனி பத்தலக்கா" என்றான் குணாளன்.

"இந்த முடிவுக்கு இது போதும். ஏமாத்து வேலைலா! ஒரிஜினலப் போடு" என்றாள். எப்போதும் அவள் பழைய பதிப்பின் கட்சி.

ஒரு பதிப்பைப் பார்த்தால் மற்றதையும் பார்த்த பிறகுதான் தீர்ப்பு. அது எங்கள் மூவரின் வழக்கம். குணாளன் பழைய டிஸ்க்கை எடுத்தான்.

"வேணாம்டா" என்றேன்.

"ரூல்ஸ் ரூல்ஸ்தானேண்ணே" என்று சிரித்தான்.

அவன் வாயில் குத்தினேன். பல் உடைந்தது. கீழே தள்ளி, டிஸ்க் அவன் கையைவிட்டு நழுவும்வரை குத்தினேன்.

தனுஜா எங்களைத் தாண்டி வந்து அதை எடுத்தாள். அதிலிருந்த ரத்தத்தை முந்தானையில் துடைத்தாள். பிளேயரில் போட்டுவிட்டுத் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

திரையில் திருடர்கள் கதவை உடைக்கத் தொடங்கினார்கள். தனுஜா கழுத்தில் விழுந்திருந்த கூந்தலை அள்ளி உயரே முடிந்துகொண்டாள்.