டம்ளரின் வேண்டுதல்

நசுங்கிப்போன சொம்பைப் பழைய பாத்திரக்காரரிடம் போட்டு, அந்த வீட்டில் ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்கினார்கள். அன்றிலிருந்து எவர்சில்வர் டம்ளருக்குத் தானும் நசுங்கினால் இதே கதிதான் என்ற பயம். இந்த நேரம் பார்த்து அந்த வீட்டுப் பெண் பூங்கோதை அதை மேசைமேல் வைத்து, எதிரே உட்கார்ந்து படம் வரைய ஆரம்பித்தாள்.

தாளை எட்டிப் பார்த்த டம்ளர் அலறியது.

“பென்சில் அண்ணே! என் வாய் எப்போ நசுங்கிச்சு? முட்டை மாதிரி கிடக்கே!”

“நீ நல்லாத்தான் இருக்க தாயி. உட்கார்ந்து பார்க்கிற கண்ணுக்கு வட்டம் அப்படித்தான் தெரியும்.”

“இந்தப் படத்தைப் பார்த்தா என்னையும் வாளிக்குப் போட்டுருவாங்களே! முருகா, என் வாயை வட்டமாக்கிக் கொடு. வேற ஒண்ணும் கேட்கமாட்டேன்.”

முருகன் காதில் விழுந்ததோ என்னவோ, பூங்கோதை எழுந்து நின்றாள். நேர் மேலேயிருந்து குனிந்து பார்த்து, புதுத் தாளில் வரைந்தாள். வாய் அச்சு அசலாக வட்டமாக வந்தது. கை இருந்திருந்தால் டம்ளர் கும்பிட்டிருக்கும்.

பிறகுதான் கவனித்தது. வட்டத்துக்குக் கீழே ஒன்றுமே இல்லை.

“அண்ணே, என் உடம்பு எங்கே?”

“உச்சியிலிருந்து பார்த்தா உடம்பு எப்படித் தெரியும்?”

“முருகா,” என்று நடுங்கியது டம்ளர், “அவளை மறுபடி உட்கார வையேன்.”