ஃப்ரீடாவின் கோட்டு

வியன்னாவில் தனியாகக் கிறிஸ்துமஸைக் கழிப்பதை ஒப்புக்கொள்ள டார்லீனுக்கு மனம் வரவில்லை. அதனால் ஃப்ரீடா என்றொரு தோழியை இட்டுக்கட்டி, அமெரிக்காவிலிருந்த தங்கையிடம் கதை அளந்துகொண்டிருந்தாள். காப்பிக் கடையில் இரண்டு கேக் வாங்கிப் படமெடுத்து அனுப்புவாள். இரண்டையும் தானே தின்றுவிடுவதால், அவள் இடுப்புக்கு மட்டும் பொய் சொல்லத் தெரியவில்லை.

“ஏன்க்கா, அந்த ஃப்ரீடாவ ஒரு தடவையாவது போட்டோல காட்டேன். கேக் மட்டும்தான் வருது!” என்றாள் தங்கை போனில்.

“அவளுக்குக் கூச்சம்டி. ஆனா என்னை விட்டு ஒரு நிமிஷம் நகரமாட்டா.”

மறுநாள் அருங்காட்சியகத்தில் ஓவியங்களைப் பார்த்துவிட்டு வந்தவளிடம், கோட்டுகளை வாங்கி வைக்கும் பெரியவர் இரண்டு கோட்டுகளை நீட்டினார்.

“நான் ஒண்ணுதானே குடுத்தேன்?”

“இன்னொண்ணு உங்க கூட்டாளியோடது. போடாமயே வெளிய போயிட்டாங்க. பனி கொட்டுது, ஓடுங்கம்மா!”

அந்தச் சாம்பல்நிறக் கோட்டின் கழுத்துப்பட்டை கதகதப்பாக இருந்தது. வாசற்படியில் யாருமில்லை. திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று டார்லீன் சற்று நின்றாள். தனியே நடந்து போகவேண்டிய தெருவைப் பார்த்தாள். பிறகு, ஒருவர் கைநுழைத்துப் போட்டுக்கொள்ள வாகாக, கோட்டைத் தோளுயரத்துக்கு விரித்துப் பிடித்தாள்.

அன்றும் காப்பிக் கடையில் இரண்டு கேக் சொன்னாள். ஒன்றைத்தான் அவள் தின்றாள். இரண்டு தட்டுகளும் காலியாகத் திரும்பிப் போயின.