சாருமதியின் கன்னம்

பாஸ்போர்ட்டில் நான் சாருமதி. படத்தில் இருந்தவளுக்கும் எனக்கும் ஒரே முகவெட்டு. அவளுடைய தாய்தான், நான் அன்ரி என்று கூப்பிட்டவர், என்னைத் தன் மகளென்று கூட்டிக்கொண்டு விமானம் ஏறினார். சாருமதிக்கு என்ன நடந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

“அன்ரி, அன்ரியெண்டு மரியாதையா நிண்டால் ரெண்டுபேரும் பிடிபடுவியள். சொந்தப் பிள்ளையெண்டால் தாயில எரிஞ்சு விழவேணும்,” என்று எங்களைக் களவாக வெளிநாட்டுக்கு ஏற்றிவிட்ட ஏஜென்சிக்காரன் சொல்லி அனுப்பியிருந்தான்.

இறங்கிய நாட்டின் குடிவரவு வரிசையில் எங்கள் முறை வந்தது. அன்ரி விரலை நாக்கில் தொட்டு என் கன்னத்தைத் துடைத்தார். எனக்குக் கோபமும் வரவில்லை, பயமும் வரவில்லை. “விடுங்கோ அம்மா, ஆக்கள் பாக்கினம்,” என்று கையைத் தட்டிவிட்டேன். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த அதிகாரி சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார்.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அன்ரிக்கு ஒரு கார், எனக்கு வேறொரு கார். சாருமதியின் பாஸ்போர்ட்டை என்னிடமிருந்து வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தவர், பாதியில் திரும்பி வந்தார்.

“அவளும் உப்பிடித்தான் தட்டிவிடுவாள். இன்னொருக்கால் தட்டிவிடு, பிள்ளை.”

விரலை நாக்கில் தொட்டு என் கன்னத்தில் வைத்தார். ஈரம் குளிர்ந்தது. என் கை எழவில்லை.