முருகையா அவிழ்த்த கயிறு

லாபு தோட்டத்துத் தொழிலாளர் லயத்தின் பின்னால், மாட்டுக்கொட்டகையை ஒட்டி மாட்டு வியாபாரி நஸ்ருதீனின் லாரி நிற்கிறது. செம்பனை ஓலைகளின் நிழல் அதன்மேல் அசையாமல் கிடக்கிறது. முருகையா காளைக்கன்றின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்துத் தன் கையில் சுற்றிக்கொள்கிறார். விற்கிற மாட்டோடு கயிற்றைக் கொடுப்பதில்லை. கொடுத்தால் கொட்டகை லட்சுமியும் கூடவே போய்விடுவாள். நஸ்ருதீன் தான் கொண்டுவந்த கயிற்றைக் கட்டுகிறார். அவ்வளவு வேலைக்கே முருகையாவுக்கு மூச்சிரைக்கிறது. முக்காலியில் உட்கார்ந்துவிடுகிறார். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த மகள் லோகேஸ்வரி, செருப்பைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் நிற்கிறாள்.

"நெஞ்சப் பொளக்க வேணாமாம்பா. தொடை வழியா குழாய உட முடியாதாம், அங்க ரத்தக்குழாய் சுருங்கி வளைஞ்சி கெடக்காம். அதனால தோளுக்குக் கீழ குழாய உட்டு, இருதயத்துல புது வால்வு வைப்பாங்களாம்."

அவர் கயிற்றில் ஒட்டியிருக்கும் மயிரை ஒவ்வொன்றாக எடுத்துப் போடுகிறார்.

"வால்வு எதுல செய்றாங்க?"

லோகேஸ்வரி லாரியைப் பார்க்கிறாள். "மாட்டோட சவ்வுலப்பா."

கொட்டகைக்குள் தாய்ப்பசு ஒருமுறை கத்துகிறது. லாரியில் சாய்த்துவைத்த பலகையில் கன்றின் குளம்புகள் வழுக்குகின்றன. மாடு ஏறும்போது முருகையா எப்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். எங்கே கொண்டுபோகிறார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. இன்று திரும்பவில்லை. லாரி செம்மண் பாதையில் இறங்கி, மரங்களுக்குள் மறைகிற வரை பார்த்துக்கொண்டிருக்கிறார். புழுதி மெல்ல அடங்குகிறது.

"அந்த வால்வுக்கு மாட்ட வித்தவன்," என்கிறார், "கயித்த வச்சிக்கிட்டானாமா?"